மூன்றாம் குளத்துத் தலைகுனிப் பூ

ஆஷ்லோ மாளிகையின் இரும்புக் கதவுக்கு முன்னால் வேன் நின்றபோது மழை விட்டிருந்தது. விட்டிருந்தது என்றுதான் பெயர். மரங்கள் தங்கள் பங்குக்கு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வேனிலிருந்து கிராமத்துத் தோட்டச் சங்கத்தார் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். முட்டியைப் பிடித்துக்கொண்டு படி இறங்குவார்கள், ஆனால் புதுச் செடி ஒன்று கண்ணில் பட்டால் வலியை மறந்து சேற்றிலேயே மண்டியிடுவார்கள்.

கடைசியாக இறங்கியவள் பெரில், சங்கத்தின் தலைவி. கறார்க்காரி. மலர்க் கண்காட்சியில் யாராவது கடையில் வாங்கிய பூவைத் தன் தோட்டத்துப் பூ என்று கொண்டுவந்தால் பெரில் ஒரு பார்வை பார்ப்பாள், அவர்களாகவே தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஊரில் அவள் சொல்லுக்கு அப்படி ஒரு மரியாதை. அந்த மரியாதைதான் அவள் சொத்து.

அவளுக்கு முன்னால் இறங்கிய குட்டைப் பெண்மணி நெஸ்டா. வேல்ஸ் பக்கத்திலிருந்து கலியாணமாகி வந்தவள், வாய் ஓயாதவள், பெரிலுக்கு நாற்பது வருஷச் சிநேகிதி. அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. போகிற தோட்டத்தில் எல்லாம் ஒரு சின்னக் கிளையைக் கிள்ளி மழைக்கோட்டுப் பையில் போட்டுக்கொள்வாள். தோட்டம் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். மற்றவர்கள் சத்தமில்லாமல் செய்வார்கள். நெஸ்டா செய்துவிட்டு வேனில் காட்டிச் சிரிப்பாள்.

"நெஸ்டா, கையைப் பையில போட்டுக்கிட்டு வா. போன தடவை மாதிரி என் மானத்தை வாங்காதே" என்றாள் பெரில்.

"கையைப் பையில போட்டாத்தான்டீ ஆபத்து. வெளிய எடுக்கும்போது என்ன வரும்னு எனக்கே தெரியாது."

"கேட்டா கொடுக்கப் போறாங்க. கேட்டு வாங்கினா என்ன, வாய் வலிக்குமா?"

"கேட்டு வாங்கினது தொட்டியில உக்காந்து தூங்கும்டீ. கேக்காம எடுத்தது பாரு, மளமளன்னு வேர் விடும். எங்கம்மா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோருக்குமே அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. பெரிலுக்கும் உண்டு. வெளியில் சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

மாளிகையின் சொந்தக்காரி லவீனியா அவர்களை வரவேற்றாள். எழுபது வயது, நெட்டை உருவம், ஆண்பிள்ளைச் சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வருஷத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகள்தான் தோட்டத்தைத் திறந்துவிடுவாள்.

முதல் குளத்தில் வெள்ளை அல்லியும் வாத்துகளும் இருந்தன. அதைப் பார்த்து எல்லோரும் அழகு அழகு என்றார்கள். இரண்டாம் குளத்தைச் சுற்றிக் குன்னெரா என்ற ராட்சத இலைச் செடி வளர்ந்து நின்றது. ஒவ்வொரு இலையும் ஒரு ஆளை மூடும் அகலம், தண்டெல்லாம் முள். அதன் அடியில் நடந்தபோது பச்சை இருட்டாக இருந்தது. மேலே இலையில் நீர் விழுகிற சத்தம், கீழே சேற்று வாடை. பேசிக்கொண்டு வந்தவர்கள் தாமாகக் குரலைத் தாழ்த்தினார்கள்.

அந்தப் பச்சை இருட்டைத் தாண்டினால் மூன்றாம் குளம்.

சின்னக் குளம்தான். சுற்றிலும் கிழட்டு யூ மரங்கள். தண்ணீர் கறுப்பாக, சலனமில்லாமல் கிடந்தது. கரையோரம் ஒரே ஒரு புதர். தண்டில் மெல்லிய நரைமயிர். பூக்கள் எல்லாம் தலை கவிழ்ந்து தண்ணீரைப் பார்த்துத் தொங்கின. வெளிப்புறம் சாம்பல் வெளுப்பு.

"குனிஞ்சு பாருங்க. நின்னுக்கிட்டுப் பாத்தா இது முகம் காட்டாது" என்றாள் லவீனியா.

பெரில் ஈரப் புல்லில் மண்டியிட்டுப் பூவுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். உள்ளே சிவப்பு, நாக்கின் அடிப்பக்கத்துச் சிவப்பு. நடுவில் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு. அறுபத்துநாலு வயதில் இப்படி ஒரு பூவை அவள் கண்டதில்லை.

"எங்க கொள்ளுத்தாத்தாவோட தம்பி ஏதோ மலையிலேர்ந்து கொண்டுவந்தது. நாங்க தலைகுனின்னு சொல்லுவோம். அந்தப் பேரு வந்த கதை அவ்வளவு நல்லா இருக்காது, சொல்லட்டுமா?"

"சொல்லாம விட்டா நாங்க டீ குடிக்க வரமாட்டோம்" என்றாள் நெஸ்டா.

லவீனியா சிரிக்கவில்லை. "அவரு காலத்துல களை பறிக்க வர்ற பொம்பளைங்கள்ல கெசையான்னு ஒருத்தி இருந்தா. இந்தச் செடியைப் பாத்துக்கிட்டவ அவதான். ஒரு தடவை விருந்தாளிங்க வந்து போனப்புறம் இதுல ஒரு கிளை காணோம். வந்தவங்க எல்லாம் பெரிய மனுஷங்க, அவங்களைக் கேக்க முடியுமா? பழி கெசையா தலையில விழுந்துச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை பூரா, வர்றவங்க போறவங்க பாக்க, இதே கரையில அவளைத் தலைகுனிஞ்சு நிக்க வெச்சாங்க. மறுநாள் காலையில தண்ணியில கெடந்தா."

"ஐயோ. அப்ப யார்தான் எடுத்தது?"

"ஒரு சீமாட்டி. சாகப்போற நேரத்துல ஒத்துக்கிட்டாளாம். அதனால கெசையாவுக்கு என்ன பிரயோஜனம்?" லவீனியா குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைலேர்ந்து இதுல கத்தி வைக்கணும்னா சத்தமா கேக்கணும்னு எங்க வீட்டு வழக்கம். 'கெசையா, எடுத்துக்கட்டுமா?'ன்னு கேப்போம். காத்து அடிச்சா எடுக்கலாம். அடிக்கலேன்னா பேசாம வந்துடணும்."

"அடிச்சிருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை. அதனாலதான் இந்தச் செடி வேற எங்கேயும் இல்லை."

வேற எங்கேயும் இல்லை. அந்தச் சொல் பெரிலின் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

மற்றவர்கள் தேநீருக்குக் கிளம்பினார்கள். நெஸ்டா கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டு தனியாகப் போனாள். பெரில் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் கரையில் பின்தங்கினாள். தன்னையே அவள் ஏமாற்றிக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கைப்பைக்குள் நகம் வெட்டும் சின்னக் கத்தரி இருப்பது அவளுக்கு நினைவிருந்தது.

கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் வாயைத் திறந்தாள். ஓர் இலைகூட அசையவில்லை. இல்லை என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? வாயை மூடிக்கொண்டாள்.

கணுவுக்குக் கீழே, சாய்வாக, ஒரே வெட்டு.

க்ளிக்.

கிளையை ஈரக் கைக்குட்டையில் சுற்றி, மூக்குக்கண்ணாடியைப் பைக்குள் உதறிவிட்டு அதன் கூட்டுக்குள் வைத்து மூடினாள். கத்தரியையும் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

க்ளிக்.

கத்தரி பைக்குள் இருந்தது. சத்தம் பின்னாலிருந்து, குன்னெரா இலைகளுக்குள்ளிருந்து வந்தது. கூடவே கிண்டிவிட்ட குளத்துச் சேற்றின் வாடை.

"யாரது? நெஸ்டா?"

யாரும் இல்லை. பெரிய இலை ஒன்று மட்டும் யாரோ விட்டுவிட்டுப் போனதுபோல மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. காற்றில்லை. பெரில் ஓட்டமும் நடையுமாக மாளிகையைப் பார்த்துப் போனாள்.

புல்வெளியில் கூடாரம் போட்டுத் தேநீரும் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியும் ஜாமும் வைத்திருந்தார்கள். பெரில் முதல் வாய் டீயைக் குடிப்பதற்குள் லவீனியா வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"தலைகுனியில ஒரு கிளை வெட்டியிருக்கு. இப்பத்தான். வெட்டின இடம் இன்னும் சொட்டுது."

அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

நெஸ்டா ஸ்கோனை வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள். முதலில் சிரித்தாள். "என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க? நான் பாத்ரூமுக்குத்தானே போயிட்டு வந்தேன்."

"தனியாவா போனீங்க?" என்று லவீனியா கேட்டாள்.

"பாத்ரூமுக்குக் கூட்டமாவா போவாங்க?" அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. நெஸ்டாவின் கழுத்து சிவந்தது. "சரி. பாத்துக்குங்க."

மழைக்கோட்டுப் பைகளை அவளே வெளியே இழுத்துக் காட்டினாள். கைப்பையை மேசைமேல் கவிழ்த்தாள். சீப்பு, பல்செட் டப்பா, காகிதக் கைக்குட்டையில் சுற்றிய இரண்டு இஞ்சி பிஸ்கட். பிஸ்கட் இந்தத் தேநீர் மேசையிலிருந்து எடுத்தது. "வீட்ல நாய்க்கு" என்றாள் நெஸ்டா மெல்ல. அதைக் கேட்டு ஒருத்தி தொண்டையைச் செருமினாள்.

நெஸ்டா சிநேகிதியின் பக்கம் திரும்பினாள்.

"பெரில், நீ சொல்லுடீ. இன்னிக்கு நான் ஒண்ணும் தொடலேன்னு உனக்குத் தெரியும்ல?"

கண்ணாடிக் கூடு பெரிலின் மடியில் கிடந்த பைக்குள் இருந்தது. கைக்குட்டையின் ஈரம் பையைத் தாண்டித் தொடையில் குளிர்ந்தது. ஒரு வார்த்தை போதும், எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு தலைவியும் முடிந்துவிடுவாள், கறார்க்காரியும் முடிந்துவிடுவாள்.

"நான் பாக்கல" என்றாள் பெரில். "நான் என்னத்தைக் கண்டேன்?"

நெஸ்டா அவளையே பார்த்தாள். பிறகு பல்செட் டப்பாவையும் சீப்பையும் எடுத்துப் பைக்குள் போட்டாள். பிஸ்கட்டை மேசையிலேயே வைத்துவிட்டாள். வேனில் வழிநெடுக அவள் பேசவில்லை. நெஸ்டா பேசாமல் வந்ததை அந்த வேன் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டது.

வீட்டுக்கு வந்ததும் பெரில் பின்புறத்துக் கண்ணாடிக் குடிலில் கிளையைத் தொட்டியில் நட்டாள். சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. மேசைமேல் கவிழ்ந்து கிடந்த அந்தப் பல்செட் டப்பாதான் கண்ணுக்குள் நின்றது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் அவள் புருஷன் ஹெக்டர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார். அவருக்குக் காது மந்தம், அதனால் எதையும் உரக்கத்தான் கேட்பார்.

"முடி வெட்டிக்கிட்டியா என்ன?"

"இல்லையே."

"பின்னால ஒரு கொத்துக் காணோமேம்மா. எலி கடிச்ச மாதிரி இருக்கு."

கையை வைத்துப் பார்த்தாள். பிடரியில் ஒரு கொத்து நரைமுடி அடியோடு போயிருந்தது. இரண்டு கண்ணாடி பிடித்துப் பார்த்தாள். எலி கடித்ததல்ல. சாய்வாக, சுத்தமாக, ஒரே வெட்டு.

தலையணையை முகர்ந்து பார்த்தாள். குளத்துச் சேறு.

ஹெக்டரிடம் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டுக் கழுத்தில் துணி கட்டிக்கொண்டாள். கிளை அதற்குள் நிமிர்ந்திருந்தது. அந்த வாரமே துளிர் விட்டது, அடுத்த வாரம் மொட்டு. நட்டவள் எந்தப் பக்கம் நின்றாலும் மொட்டு அந்தப் பக்கமே தலை கவிழ்ந்தது. குடிலுக்குள் நல்ல வெயில் நேரத்தில்கூட அவள் நுழைந்தால் எங்கோ மூலையில் க்ளிக் என்று கேட்கும். திரும்பிப் பார்த்தால் தரையில் ஈரம் மட்டும் இருக்கும்.

ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நுரைக்குள்ளிருந்து கையை எடுத்தபோது இடது சுண்டுவிரல் நகம் பாதி இல்லை. நகத்தோடு நுனிச் சதையும் ஒரு துளி போயிருந்தது. ரத்தமில்லை. வலியுமில்லை. வெட்டின இடத்திலிருந்து தெளிந்த நீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

நெஸ்டா வீட்டுப் பக்கமே வரவில்லை. சங்கத்தில் இரண்டு பேர் பெரிலிடம் வந்து, இனிமேல் நெஸ்டாவை வெளியூர்த் தோட்டங்களுக்குக் கூட்டிப்போக வேண்டாமே என்றார்கள். தலைவி என்ன சொல்கிறாள் என்று காத்திருந்தார்கள்.

"கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள் தலைவி.

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். தன்னை அவளுக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. அப்போதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றவில்லை, அதைத்தான் கவனிக்க வேண்டும். செடியைக் கொண்டுபோய் யாருக்கும் தெரியாமல் வைத்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

ஜூலையில் ஆஷ்லோ மறுபடி திறந்த ஞாயிற்றுக்கிழமை அன்று தொட்டியைக் கூடையில் மறைத்து, மேலே துண்டு போட்டு, தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனாள். கூட்டம் முதல் குளத்தோடு நின்றிருந்தது. கூடையை அணைத்துக்கொண்டு குன்னெரா இலைகளுக்கு அடியில் நுழைந்தாள்.

வெளியே வெயில் காய்ந்தது. உள்ளே அன்றைக்குப் போலவே சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது.

பாதி வழியில் ஏதோ காலில் தட்டியது. குனிந்து பார்த்தாள். முள் தண்டுகளுக்கு நடுவில், சேற்றில் பாதி புதைந்து, மண்தொட்டிகள். பாசி பிடித்துக் கறுத்துப்போன பழங்காலத்துத் தொட்டிகள், எல்லாம் காலி.

ஒன்றில் மட்டும் புது மண் போட்டிருந்தது.

மண்ணின் நடுவில் ஒரு கொத்து நரைமுடி நிமிர்ந்து நின்றது.

பெரிலின் கை தானாகப் பிடரிக்குப் போனது. எடுத்துவிட வேண்டும், இதை இங்கே விடக் கூடாது என்று மட்டும் புத்தி சொன்னது. கூடையைக் கீழே வைத்துவிட்டு முடியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தாள்.

வரவில்லை.

மண்ணுக்குள் ஏதோ இறுகப் பிடித்திருந்தது.

பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். சுளீரென்று வலித்தது. விரலில் வலிக்கவில்லை. அவள் பிடரியில், முடி போன அதே இடத்தில், யாரோ தோலோடு பிய்ப்பதுபோல வலித்தது. அலறிக்கொண்டு கையை எடுத்தாள். தொட்டி மண்ணைத் தொட்டிருந்த விரல்நுனியில் வெதுவெதுப்பு. உடம்புச் சூடு.

வேர் பிடித்திருந்தது.

அவள் காதுக்குப் பின்னால், கன்னத்தில் ஈரம் படுகிற அளவுக்குக் கிட்டத்தில், ஒரு பெண்குரல் கேட்டது. கோபமில்லாத, களைத்த குரல்.

"கேட்டியா?"

பெரில் கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். முள் தண்டுகள் முகத்தைக் கிழித்தன. கார் எப்படிக் கிளப்பினாள், எந்தச் சாலையில் வந்தாள், ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. கார் நின்ற இடம் அவள் வீடு இல்லை, நெஸ்டா வீடு.

நெஸ்டா கதவைத் திறந்தாள். கையில் உருளைக்கிழங்கு சீவும் கத்தி. சிநேகிதியின் கீறல் விழுந்த முகத்தைப் பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"நான்தான் எடுத்தேன் நெஸ்டா. அந்தக் கிளையை நான்தான் எடுத்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"உன் கண்ணாடிக் கூடு எப்பவும் வெளிப் பையில இருக்கும்டீ. அன்னிக்கு வேன்ல கண்ணு தெரியாம தடவித் தடவி உக்காந்திருந்தே, பையைத் திறந்து கண்ணாடியை எடுக்கவே இல்லை. நாற்பது வருஷமா பாக்குறேன் உன்னை."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்." நெஸ்டாவின் குரல் உடைந்தது. "நீ திருடினது எனக்கு ஒரு பெரிய விஷயமே இல்லடீ. நான் திருடாததா? 'நான் பாக்கல'ன்னு சொன்னே பாரு. அத்தனை பேருக்கு முன்னாடி என் பல்செட்டு மேசை மேல கெடக்கும்போது சொன்னே பாரு."

பெரில் வாசலில் கூனிக் குறுகி நின்றாள். நெஸ்டா கதவைச் சாத்திவிட்டாள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில், கிராம மன்றத்தில், டீ ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பெரில் எழுந்து நின்றாள். "ஆஷ்லோவுல கிளையை வெட்டினது நான். நெஸ்டா இல்லை. அவளைக் காட்டிக்கொடுத்த மாதிரி பேசினதும் நான். தலைவி வேலைக்கு வேற யாரையாவது பாத்துக்குங்க." கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எல்லோரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். பெரிலின் காது மடல்கள் எரிந்தன. இருந்தாலும், ஒரு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப்போன மாதிரி இருந்தது.

லவீனியாவிடமும் தொலைபேசியில் சொன்னாள்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. கெசையாகிட்ட நீங்களே வந்து சொல்லிடுங்க."

"வரேன்" என்றாள் பெரில்.

போகவில்லை. அந்தப் பச்சை இருட்டுக்குள் மறுபடி நுழைய அவளால் முடியவில்லை. தொட்டியைப் பற்றியும் முடியைப் பற்றியும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அந்த க்ளிக் சத்தம் நின்றுபோயிருந்தது. நகம் வளர்ந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சாயங்காலம் நெஸ்டா வந்தாள். ஜெரேனியம் துளிர்த்திருந்த ஒரு சின்னத் தொட்டியைச் சமையலறை மேசைமேல் டக்கென்று வைத்தாள்.

"கேட்டு வாங்கினதுதான், பயப்படாதே. நன்றி கின்றின்னு சொல்லித் தொலைக்காதே, செடி பட்டுப்போயிடும்."

பெரில் சொல்லவில்லை. ஆனால் அழுதாள். நெஸ்டா தானே அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. அந்த வருஷத்துக்கு ஆஷ்லோவைத் திறந்துவைக்கும் கடைசி நாள். பெரில் வீட்டில் பொழுது சாயும் நேரத்தில் ஹெக்டர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். நெஸ்டா ஆப்பிள் தோல் சீவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் சர்க்கரைப்பாகும் பட்டையும் மணத்தது. தொலைபேசி அடித்தது. பெரில் எடுத்தாள்.

"ஹெக்டர் சார் இருக்காரா? நான் ஆஷ்லோவிலேர்ந்து லவீனியா." குரலைத் தாழ்த்திப் பேசினாள். "அவரைக் கொஞ்சம் வந்து அவர் வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. எனக்கு மனசு கேக்கல. ஒரு மாசமா திறக்கற நாள்ல எல்லாம் வந்து மூணாம் குளத்துக் கரையில நிக்கிறாங்க. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, பாவாடையெல்லாம் ஈரமா. வர்றவங்க எல்லாம் யார் அது, என்ன பண்ணாங்கன்னு கேக்குறாங்க. போதும்மா, வீட்டுக்குப் போங்கன்னு நானும் கூப்பிட்டுப் பாத்துட்டேன், நிமிர மாட்டேங்கிறாங்க."

பெரில் இன்னொரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹலோ? யார் பேசுறது?"

"நான்... பெரில்தான் பேசுறேன்."

லவீனியாவின் மூச்சு மட்டும் கேட்டது.

"விளையாடாதீங்க. மாடி ஜன்னல்லேர்ந்து உங்களைப் பாத்துக்கிட்டுத்தானே பேசுறேன். அதே பழுப்புக் கோட்டு. அதே நரைமுடி."

"நான் வீட்ல இருக்கேன் லவீனியா அம்மா. என் சமையலறையில நிக்கிறேன்."

நெஸ்டாவின் கத்தி நின்றது. அவள் தலையைத் தூக்கிப் பெரிலின் முகத்தைப் பார்த்தாள்.

மறுமுனையில் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு லவீனியா பேசினாள், கிசுகிசுப்பாக, சொல்லவே பயந்தவளாக.

"தனியா இல்லை. பின்னால இன்னொரு பொம்பளை நிக்கிறா. பழைய காலத்துச் சாக்குத்துணி ஏப்ரன். கையில பூவாளி."

"என்ன பண்றா?"

"தண்ணி ஊத்துறா. உங்க பிடரியில."

தொலைபேசி ரிசீவர் பெரிலின் கையிலிருந்து நழுவி ஒயரில் தொங்கி ஆடியது. கழுத்துத் துணிக்குள் ஜில்லென்று ஒன்று இறங்கியது. முதுகெலும்பு வழியாகக் கோடு போட்டு இறங்கியது. அடுப்புமணத்தை மீறிக்கொண்டு குளத்துச் சேற்றின் வாடை எழுந்தது.

ஹெக்டர் செய்தித்தாளை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

"என்னம்மா இது, கழுத்தெல்லாம் நனைஞ்சிருக்கு?" என்றார் உரக்க. "அது சரி, ஏன் அப்படித் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நிக்கிறே?"

பெரில் நிமிர்ந்து பார்க்கத்தான் முயன்றாள். முடியவில்லை.